மருந்து முடிந்தும் தீராத நீர்க்கடுப்பு

ஆலய மலருக்கு ஏற்ற பொருள்தானா இது என்று முதலில் தயங்கினேன். ஆயினும் அன்னதான வரிசையில் நிற்க முடியாமல் கழிவறையைத் தேடிச் செல்லும் என் வயதொத்த அன்பர்களைக் காணும்போது எழுதிவிடுவதே நலம் என்று தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கிளினிக்கில் கொடுத்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையால் குணமாயிற்று. இரண்டு வாரத்தில் மீண்டும் எரிச்சல், மீண்டும் மாத்திரை. மூன்றாம் முறை, வீட்டில் யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்திருந்த மாத்திரைகளை எடுத்து விழுங்கினேன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியவன் செய்த காரியம் இது! காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவலி. கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. மருத்துவமனையில் படுத்த பிறகே புத்தி வந்தது.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி. அது எல்லா மருந்துக்கும் அடங்குவதில்லை. எதற்கு அடங்கும் என்று அறிய, கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' சோதனை உண்டு. முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். புதிய மாத்திரையைத் தொடங்குமுன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். நான் மாத்திரையை விழுங்கிவிட்டதால் என் சோதனையில் கிருமி சரிவரத் தெரியவில்லை.

பின்னர், சிறுநீர் கழித்த உடனே ஸ்கேன் செய்தார்கள். பையில் நிறையவே மிஞ்சியிருந்தது. புரோஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை நெருக்கியிருந்தது. தேங்கிய நீரில் கொசு பெருகுவதை நாம் அறிவோம், அதே கதைதான்.

எல்லார்க்கும் காரணம் ஒன்றல்ல. கல் இருக்கலாம், கட்டுப்படாத இனிப்புநீர் இருக்கலாம். மாதவிலக்கு நின்ற தாய்மார்களுக்குச் சிறுநீர்ப்பாதை வறண்டு எரியலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. சிலருக்குக் கல்ச்சரில் கிருமியே இராது. ஆனால் பை நிறைய நிறைய வலிக்கும், கழித்தால் சற்றே தணியும். இதற்கு ஆண்டிபயாட்டிக் உதவாது. சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும், தானே நின்றுவிட்டாலும், மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

மருத்துவரிடம் செல்லும்போது எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அவர்கள் தினமும் கேட்பதுதான்.

இப்போது புரோஸ்டேட்டுக்கு இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இவ்வாண்டுத் திருவிழாவில் இரதம் ஆலயம் திரும்பும்வரை உடன் நடந்தேன்.