காற்று மேலேதான் ஏறும்

காரில் காலிப்பரைக் கழற்றிப் புதியதை மாட்டியபின் பெடலை மிதித்தால், கெட்டியாக நிற்காமல் பஞ்சை அமுக்குவதுபோல் உள்ளே போகும். புது காலிப்பருக்குள் இருப்பது ஆயில் அல்ல, காற்று. பிரேக் ஆயில் எவ்வளவு அழுத்தினாலும் அநேகமாகச் சுருங்காது; அதனால்தான் காலின் அழுத்தம் பிஸ்டனுக்குப் போய்ச் சேர்கிறது. இடையில் காற்று இருந்தால் பெடல் நகர்கிற தூரம் அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் பட்டறைகளில் ‘ஏர் எடுப்பது’ என்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் எத்தனை முறை மிதித்தோம் என்ற கணக்கு அதில் பெரிதல்ல. காற்று எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று தெரிந்து செய்கிறோமா என்பதே பெரிது.

ஆயிலுக்குள் காற்று மேலேதான் ஏறும். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளை உச்சியில் வைத்திருப்பது அதற்காகவே. இடது, வலது காலிப்பர்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பல வண்டிகளில் பக்கம் மாற்றி மாட்டினாலும் போல்ட் சரியாகவே உட்கார்ந்துவிடும். அப்போது நிப்பிள் அடிப்பக்கம் போய்விடுகிறது. அதற்கு மேலே தேங்கிய காற்று அசையாமல் நிற்க, கீழே ஆயில் மட்டும் சுத்தமாக வழியும். ஒரு லிட்டர் ஆயிலைச் செலவழித்தாலும் பெடல் கெட்டிப்படாது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி அதையும் மாற்றுகிறவர்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது நிப்பிள் மேலே இருக்கிறதா என்பதைத்தான்.

மற்ற முறைகளும் இதே காரணத்திலிருந்து வருபவைதான். வண்டியை ஜாக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனையைப் பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கவிட வேண்டும். உள்ளே இருப்பவர் நிதானமாக மிதித்துப் பிடித்ததும் கீழே இருப்பவர் நிப்பிளைத் திறக்கிறார், குமிழி வரும். நிப்பிளை மூடி “விடலாம்” என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மரைவழியாகக் காற்று திரும்ப உள்ளே போகும். வேகவேகமாக மிதித்தால் காற்று நுண்குமிழிகளாகச் சிதறி ஆயிலோடு கலந்து நிற்கும். வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்றக்கூடாது; அதில் காற்றோடு ஈரமும் கலந்திருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் சூடேறி அது கொதித்தால், எடுத்த காற்றின் இடத்தை ஆவி பிடித்துக்கொள்ளும்.

உயிர் சம்பந்தப்பட்ட பிரேக்கில் வீட்டு வைத்தியம் எதற்கு என்று கேட்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் கருவி இல்லாத பட்டறையிலும் இதே டியூபும் பாட்டிலும்தான். எல்லை எங்கே என்று தெரிந்தால் போதும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் வந்த கார்களில் ஏபிஎஸ் உண்டு. பிரேக் ஆயில் டேங்க் முழுதும் வற்றி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்தால், பல கார்களில் ஸ்கேனர் வைத்து அதன் வால்வுகளை இயக்கினால்தான் வெளியேறும். அந்த நிலை வந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி. வராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது: பழைய ஹோஸைக் கழற்றியதும் வாயை அடைத்துவிட வேண்டும், நாலைந்து மிதிக்கு ஒருமுறை டேங்கைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

பெடல் கெட்டியானால் வேலை முடிந்தது என்பது இன்னொரு வாதம். இன்ஜின் ஓடாதபோது பூஸ்டரின் உதவி இல்லாததால் பெடல் எப்படியும் இறுகித்தான் இருக்கும், அதை நம்பக்கூடாது. இன்ஜினை ஓடவிட்டு மிதித்தால் பெடல் சற்று இறங்கி நிற்க வேண்டும். அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. ஹோஸ் போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடாவிட்டால் அங்கேயும் ஈரம் தெரியும். பெடல் கெட்டியாக இருந்தும் மிகவும் தாழ்ந்து நின்றால் அதைக் காற்றின் தலையில் கட்ட வேண்டாம்; பின்சக்கர டிரம்மில் ஷூ இடைவெளியைச் சரிசெய்தால் பெரும்பாலும் மேலே வந்துவிடும்.