வாசல் புள்ளிகளின் கணக்கு

மார்கழி விடியலில், தாம்பரம் அருகே ராஜகீழ்ப்பாக்கத்தின் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். தண்ணீர் தெளித்த சிமென்ட் வாசலில் ஒரு பெண் குனிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை நழுவவிட்டபடி, புள்ளிகளைச் சுற்றிக் கம்பி இழுப்பார். கை தயங்காது. புறப்பட்ட இடத்துக்கே கோடு வந்து சேரும்.

எப்படிச் சேர்கிறது? வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை நேர்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவே சாய்வாகப் புகுந்து போங்கள். ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்புங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே கம்பிக்குள் அடங்கிவிடும். 3க்கு 3 வைத்தால் மூன்று கம்பி வேண்டும். 4க்கு 6 என்றால் இரண்டு. பள்ளியில் படித்தோமே, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் கம்பிகளின் எண்ணிக்கை! அங்கோலாவின் சோக்வே மக்கள் கதை சொல்லிக்கொண்டே மணலில் வரையும் சோனா ஓவியங்களிலும் இதே கணக்கு இருக்கிறது.

இந்த வாசல் கலையைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார்கள். சிறிய கோலம் பெரிதாக வளரும் முறையை, சொற்கள் சேர்ந்து வாக்கியமாவதுபோல விதிகளாக்கிக் காட்டினார்கள். பாட்டிகளின் விரல்களில் அந்த இலக்கணம் அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

ஆந்திரத்தில் கோலத்துக்கு முக்கு என்று பெயர். வங்காளத்தில் அரிசி மாவைக் கரைத்து அல்பனா இடுகிறார்கள், ராஜஸ்தானில் மாண்டனா. பல இனங்கள் வாழும் இந்த நாட்டுக்குப் பொது முகம் எது என்று கேட்டால், நான் வாசல் தரையைத்தான் காட்டுவேன். அரசாணை எதுவும் இல்லாமல், இந்தக் கலை அவரவர் பெயரில், அவரவர் வடிவில் வாழ்கிறது.

2021 ஜனவரியில் அமெரிக்காவிலும் பலர் கோலத்தைக் கையில் எடுத்தார்கள். அதிபராகப் பைடனும் துணை அதிபராகக் கமலா ஹாரிஸும் பதவியேற்பதை வரவேற்க, கலைஞர் சாந்தி சந்திரசேகர் உள்ளிட்டோர் ஒருங்கிணைக்க, பல சமூகத்தவர் ஆளுக்கொரு சதுரத்தில் கோலம் வரைந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுரங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே கோலமாயின.

அடுக்ககங்களில் இன்று வாசலே சுருங்கிவிட்டது. பல வீடுகளில் ஸ்டிக்கர் கோலம். உங்கள் வீட்டுப் பாட்டிக்கு எத்தனை புள்ளிக் கோலங்கள் தெரியும் என்று கேட்டு, ஒரு நோட்டில் வரையச் சொல்லி வாங்கி வையுங்கள்.