மண்ணுக்குள் ஒரு வாய்க்கால்

தொட்டியத்தாருக்குத் தோட்டத்தில் நீர் பாய்ச்சும் வித்தையைச் சொல்லப் புகுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். காவிரியின் வடகரையில் வாழைத் தோட்டங்களுக்குப் பெயர் போன ஊர் அது. மடை திறக்கவும் பாத்தி கட்டவும் அங்கே சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ஆயினும் வீட்டுக் கொல்லையின் கதை வேறு. அங்கே வாய்க்கால் வருவதில்லை. கிணறும் மாடித் தொட்டியுமே கதி. காவிரியம்மையும் நாள் தவறாமல் வருகிறவள் அல்லள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2017-ல் அக்டோபர் 2 வரையிலும், 2024-ல் ஜூலை 28 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது.

சித்திரை வெயிலில் கத்தரிப் பாத்திக்கு நாம் வார்க்கும் தண்ணீரில் ஒரு பங்கைச் சூரியனும், மற்றொரு பங்கைக் களையும் குடித்து விடுகின்றன. தாகம் இருப்பதோ வேருக்கு! அப்படியானால் நீரை வேரண்டைக்கே கொண்டு போனால் என்ன?

இதற்கு மிகப் பழைய உபாயம் மண்பானை. சீன தேசத்தில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மெருகும் வர்ணமும் பூசாத, ஐந்து முதல் பத்துப் படி நீர் கொள்ளும் பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயைத் தட்டினால் மூட வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் தூரத்துக்குள் செடிகளை நடலாம். மண் காய்ந்தால் பானையின் நுண்துளை வழியே நீரை உறிஞ்சிக் கொள்ளும். ஈரமானால் கசிவு தானே குறையும். எவ்வளவு வேண்டுமென்பதை மண்ணே தீர்மானிக்கிறது. மேல்மண் உலர்ந்திருப்பதால் களையும் தலையெடுப்பதில்லை.

கொல்லை பெரிதானால் குழாய்தான் வசதி. இஸ்ரேல் தேசத்து எஞ்சினீயர் சிம்கா பிளாஸ் முயற்சியால், 1960-களில் சொட்டு நீர்க் குழாய்கள் வியாபாரத்துக்கு வந்தன. அவற்றைக் காய்கறிச் செடிகளுக்கு அரை அடி ஆழத்தில் புதைத்து விடலாம். ஆனால் மேலே கிடக்கும் குழாயின் நோய் கண்ணுக்குத் தெரியும். புதைத்த குழாயின் நோயோ செடி வாடிய பிறகே தெரியும். ஆகையால் முன்கூட்டியே நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வடிகட்டி. இதற்குச் செலவிடத் தயங்குகிறவர்கள் பின்னால் குழாயையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, குழாய்களின் கடைசியில் திறப்பான் வைத்து, அவ்வப்போது வண்டலைக் கழுவி விடுவது. மூன்றாவது, மேடான இடத்தில் காற்று வால்வு. நீரை நிறுத்தியதும் குழாய் உள்ளிழுக்கும். காற்று கிடைக்காவிட்டால் சேற்றையே இழுத்துக்கொள்ளும். நான்காவது, அழுத்தம். பத்தடி உயரத்துத் தொட்டியின் நீர் எல்லாச் சொட்டுவாய்க்கும் போதாது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதையே கேட்டு வாங்க வேண்டும்.

எந்த முறையானாலும், விதை முளைக்கும் வரை பூவாளியால் மேலே தெளித்தே ஆக வேண்டும். முளைக்காத விதைக்கு ஆழத்து ஈரம் எட்டாது. உப்பு நீர்க் கிணறாயின் ஈரத்தின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் உப்புப் படியும். மழை வந்து கழுவாத ஆண்டில் நாமே ஒருமுறை நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். பானையின் துளைகளும் நாளடைவில் அடைபடும். அப்போது புதுப்பானை வாங்க வேண்டியதுதான்.

நாலு கத்தரிச் செடியும் ஒரு பூசணிக் கொடியுமுள்ள குடும்பத்துக்கு எந்திரம் எதற்கு? குயவர் வீட்டுப் பானைகள் இரண்டு போதும். அதனால் செடியும் பிழைக்கும். சக்கரமும் நிற்காமல் சுழலும். கோடையில் கிணற்றின் அடியில் மிஞ்சும் நாலு குடம் நீர், அடுப்படிக்கும் கொல்லைக்கும் பங்காகும்போது, அதில் ஒரு குடம் மிச்சமாவதும் சிறிய லாபம் அன்று.