எச்டிஆர் போட்டால் படம் ஏன் இருட்டாகிறது?

புது டிவியில் எச்டிஆர் படத்தைப் போட்டதும் பல வீடுகளில் எழும் முதல் புகார், “என்ன, இருட்டா இருக்கு!” என்பதுதான். அந்த ஏமாற்றம் நியாயமானது. எச்டிஆர் என்றால் கூடுதல் வெளிச்சம் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்?

பழைய முறையில், ஸ்டுடியோவில் படத்தின் உச்ச வெள்ளையை 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் வைப்பார்கள். வீட்டு டிவி அதை மூன்று நான்கு மடங்கு ஏற்றிக் காட்டும். 2014-இல் தரநிலையாக வந்த, டால்பி உருவாக்கிய பிக்யூ முறையில் அந்தச் சலுகை இல்லை. சிக்னலில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தனை நிட்ஸ் என்று கணக்கு உண்டு, உச்சம் 10,000. எச்டிஆர்10, டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகைகள் இரண்டுக்கும் அடிப்படை இதுதான். மங்கலான இடங்களில் சிறு வேறுபாட்டையும் கண் கண்டுபிடித்துவிடும் என்பதால், அளவுகோலின் பாதியை 100 நிட்ஸுக்குக் கீழேயே ஒதுக்கியிருக்கிறார்கள். முகமும் சுவரும் பெரும்பாலும் அங்கேதான். மேலே உள்ள இடம் தீச்சுடருக்கும், தண்ணீரில் தெறிக்கும் வெயிலுக்கும். மங்கிய அறையில் சீர்செய்த அந்தப் படம், ஜன்னல் திறந்த ஹாலில் இருட்டாகத்தான் தெரியும்.

உண்மையான லாபம் நிறத்தில் இருக்கிறது. எச்டி தரத்தில் சுத்தமான சிவப்புக்கு வெள்ளையின் வெளிச்சத்தில் 21 சதவீதம்தான் கிடைக்கும், நீலத்துக்கு 7. வெள்ளை 100 நிட்ஸ் என்றால் காரின் பின்விளக்குச் சிவப்பு 21-ஐத் தாண்டாது. இன்னும் ஏற்றினால் வெளிறி, ரோஸ் கலரை நோக்கி ஓடும். உச்சம் 1,000 ஆகும்போதுதான் அந்தச் சிவப்பு, சிவப்பாகவே எரிகிறது.

இதைக் காட்டத் திரைக்குத் தெம்பு வேண்டும். 300 நிட்ஸ் மட்டுமே தரும் மலிவு டிவியிலும் எச்டிஆர் ஸ்டிக்கர் ஒட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். 1,000 நிட்ஸ் படத்தை அது ஒன்று மேலே வெட்டும், அல்லது மொத்தமாக அமுக்கும். எச்டிஆர்10-இல் வெளிச்ச அளவு பற்றி டிவிக்குப் படம் முழுக்க ஒரே குறிப்புதான் என்பதால் சாதாரணக் காட்சியும் சேர்ந்து மங்கலாம். டால்பி விஷனிலும் எச்டிஆர்10 பிளஸிலும் காட்சிக்குக் காட்சி குறிப்பு வருகிறது.

பகலில் ஹாலில் பார்ப்பவர்களுக்கு, பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் சேர்ந்து உருவாக்கிய எச்எல்ஜி முறைதான் பொருத்தம் என்பேன். அது திரையின் திறனுக்கேற்ப வெளிச்சத்தைப் பங்கிடும். ஆனால் அதிகமும் நேரலைகளில்தான் கிடைக்கிறது. மற்றபடி, எச்டிஆர் ஓடும்போதே செட்டிங்ஸுக்குப் போய் மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள். எச்டிஆருக்கான செட்டிங்ஸ் பல டிவிகளில் தனியாகவே இருக்கும். சாதாரணப் படம் ஓடும்போது மாற்றியது இதற்குச் செல்லாது.