குருவி பாடுகின்றது, செவி அறியவில்லை

இங்கிலாந்தின் ஊசியிலை மரங்களிலே கோல்ட்கிரெஸ்ட் என்னும் சின்னஞ்சிறு குருவி வாழ்கின்றது. உச்சந்தலையிலே பொன்னிறக் கோடு. எடையோ ஐந்தாறு கிராம் மாத்திரமே. இலைகளினுள் மறைந்து திரியும் இதனைக் கண்ணாற் காண்பதினும் காதால் அறிவதே எளிது. ஆயினும், பல்லாண்டு காலம் பறவைகளை நோக்கி மகிழ்ந்த முதியோர் சிலர், "இக்குருவிகள் அருகிவிட்டனவே!" என வருந்துவதுண்டு. உடன் செல்லும் சிறுவனுக்கோ அதே மரத்திலிருந்து அதன் பாட்டுத் தெளிவாய்க் கேட்கின்றது!

குருவி மறையவில்லை, அதன் குரலே முதியவருக்கு மறைந்தது. இதன் காரணம் யாது?

நத்தை ஓடு போலச் சுருண்ட நம் உட்செவியிலே, ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்கு உணர்த்துவன இவையே. சுருளின் வாயிலை அடுத்தவை கீச்சொலியையும், உள்நுனியில் உள்ளவை தாழ்ந்த ஒலியையும் உணர்கின்றன. முதுமையில் முதலிற் பழுதுறுவன வாயிலை அடுத்த கலங்களே. கோல்ட்கிரெஸ்டின் பாட்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 7,000 முதல் 8,000 அதிர்வுகள் கொண்டது. ஆதலால் அது முந்தி மறைகின்றது. புறாவின் தாழ்ந்த கூவலோ நெடுங்காலம் கேட்கின்றது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டு முதல், கண்டும் கேட்டும் பறவைகளைத் தொண்டர்கள் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகின்றனர். எண்ணுவோரின் செவி தளர்ந்தால், இருக்கும் பறவையும் இல்லாததாகிவிடுமன்றோ?

வியப்பொன்று கேளுங்கள். கோழிக்குஞ்சும் காடையும் இழந்த மயிர்க்கலங்களை மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன என்பதை 1988ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மனிதருக்கு அப்பேறு இல்லை. எனினும், கேள்திறனைச் சோதிக்க வைத்தியர் உளர். ஒலியைப் பெருக்கும் கருவிகளும், கீச்சொலியைத் தாழ்த்தித் தரும் கருவிகளும் உள்ளன.

இக்குறை மெல்ல மெல்ல வருவதால், உற்றவரே அதனை உணரார். பறவையின் பாட்டோடு நில்லாது, 'ச', 'ஸ' முதலிய ஒலிகளும் மங்கும். பேச்சுக் கேட்கும், ஆனால் விளங்காது. ஆதலின், வீட்டிலுள்ள முதியவர் மறுமுறை வினவும்போது சினவாதீர்கள். கூச்சலிடாமல், முகம் நோக்கி நிறுத்திப் பேசுங்கள். மாணவர்களே, மரத்திலே குருவி பாடினால், அது எக்கிளையில் உளதென்று பாட்டனாருக்குச் சுட்டிக்காட்டுங்கள். அவர் செவி தளர்ந்தாலென்ன, உங்கள் செவி உண்டல்லவா?