துண்டுக்கடியில் விலை, வெயிலில் மாடு

காங்கேயம் சீமையில் ஒரு குடியானவர் வருசம் முழுக்க மாட்டை எப்படி வளர்த்தார் என்பதற்கு ஊர் உலகத்துக்கு முன்னால் பதில் சொல்லும் இடம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில், கோயில் தேரையொட்டிச் சித்திரையில் கூடும். இன்றும் கூடுகிறது. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்விகள் மாறிவிட்டன.

இந்தப் பக்கம் மழை குறைவு. சராசரி 600 மி.மீ.யை ஒட்டியே இருக்கும். கிணற்றுத் தண்ணீர் எட்டாத நிலத்தைக் கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் காடாக, விட்டுவிடுவார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் பசு கறப்பது பொதுவாக நாளுக்கு இரண்டு லிட்டர் அளவுதான். கன்றுக்குப் போக மிஞ்சுவதை விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. கொறங்காட்டுக்காரர் மொத்தமாகக் காசைக் கண்ணால் பார்ப்பது காளைக்கன்றை விற்கும்போதுதான். சித்திரையில் புல் காய்ந்து கிடக்கும், உருப்படியைக் குறைத்தால் காடு தாங்கும். வாங்க வருபவருக்கோ ஆடிப் பட்டத்துக்குள் ஏர் பூட்ட எருது வேண்டும். இந்த இரண்டு அவசரத்துக்கும் தேர் ஒரு நாள் குறித்துக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் உழைப்புக்கான எருதுகள். கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைக்க, ஏர் ஓட்ட, பாரவண்டி இழுக்க. வாங்குகிறவர் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார்.

"எத்தனை பல்லுங்க?"

"ரெண்டு பல்லுதானுங்க. கன்னுலயிருந்து நம்ம காட்டுலயே வளர்ந்ததுங்க."

பல்லுக்குப் பிறகு சுழி. (சுழி பார்ப்பதில் அனுபவத்தைவிட பயமே அதிகம் என்று எனக்குத் தோன்றும். குறையில்லாத மாடு கெட்ட சுழி என்ற ஒரே காரணத்துக்காக விலை இறங்கிப் போயிருக்கிறது.) பிறகு குளம்பு, திமில், தோல். கடைசியாக நடை. கயிற்றைப் பிடித்து வெயிலில் நாலு தப்படி நடத்திக் காட்டச் சொல்வார்கள். ஜோடி என்றால் உயரமும் கொம்பும் ஒத்துப்போனால் போதாது, எட்டு வைப்பதும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் நுகத்தடியில் இரண்டுக்குமே தேய்மானம்.

விலை மட்டும் யார் காதிலும் விழாது. தரகர் தோளிலிருக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கு மேல் போடுவார். உள்ளே விரல் பிடித்துப் பேச்சு நடக்கும். மாட்டை ஆயிரம் பேர் பார்க்கலாம், விலையை இரண்டு பேர்தான் அறிவார்கள். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். காசு குறைந்துபோன மனிதருக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் முன் தலைகுனிவு இல்லை. மாடு மட்டும் தப்ப முடியாது. எலும்பும் தோலுமாகக் கொண்டுவந்தவரை, "தீவனம் போட்டீங்களா, இல்லீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்கூடக் கேட்டுவிட்டுப் போவார். அடுத்த வருசம் அவர் கவனமாக இருப்பார். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் மந்தை காங்கேயம் இனத்துக்குப் பேர்போனது. 1936-இல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலும் காங்கேயத்தைப் பேசுகிறது. ஆனாலும் அரண்மனை மந்தை மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிடாது. இரண்டு மாடு வைத்திருந்தவர்களையும் தரம் தாழாமல் வளர்க்க வைத்தது சந்தையின் கண்.

கவலை இறைப்பதைப் பம்புசெட் நிறுத்தியது. ஏரை டிராக்டரும் வண்டியை டெம்போவும் எடுத்துக்கொண்டன. பாலுக்கு ஜெர்சி கலப்பு வந்தது. எருதுக்கு வேலை போனதும் சந்தைக்கும் வேலை குறைந்தது.

திரும்ப ஆள் சேர்ந்தது வேறொரு வழியில். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு மாநிலச் சட்டத் திருத்தத்தால் அது மீண்டது. அந்த இடைவெளியில் நாட்டு மாடு என்ற சொல் நகரத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதே 2017 மே மாதம் மத்திய அரசின் விதிகள், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றன. மதுரை உயர் நீதிமன்றக் கிளை அந்த மாதமே இடைக்காலத் தடை விதித்தது. விதியை எழுதியவர்களுக்குக் குடியானவர் கணக்கு புரியவில்லை. கிழட்டு எருதை விற்ற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டுத்தான் புது ஜோடி பிடிப்பார்கள். முதல் விற்பனை இல்லாமல் இரண்டாவது கொள்முதல் ஏது?

இன்று கண்ணபுரத்தில் கூட்டம் மொய்ப்பது காரி, மயிலை நிற மாடுகளைச் சுற்றி. எருது குறைவு, பொலிகாளையும் பசுவும் அதிகம். காயடித்தால் காளையின் திமிலில் உள்ள கருமை வெளுத்துவிடும். வேலைக்கு வாங்கியவருக்கு அதனால் நட்டமில்லை. இப்போது வாங்குபவருக்கு அந்தக் கருமைதான் வேண்டும். ரேக்ளா பந்தயத்துக்கு ஓட்டம் பார்க்கிறார்கள், பண்ணைவீட்டுக்கு அழகு பார்க்கிறார்கள். குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர் அபூர்வம்.

வருசத்துக்கு ஒருமுறை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேயம் மாடுகளுக்கென்றே தாவணி கூடுகிறது, விற்ற தொகை பத்திரிகையில் வருகிறது. யூடியூப்பில் மாட்டின் பேரை விட விலை பெரிய எழுத்தில். துண்டுக்கடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. வெளியே நின்றிருந்த மாடு கைப்பேசிக்குள் போய்விட்டது. வீடியோவில் திமில் தெரியும், நிறம் தெரியும். குழந்தை கயிறு பிடித்தால் வருமா என்பது தெரியாது.

விலை ஏறியது நல்லதுதான். விலை இல்லாத மாட்டை எந்தப் பற்றும் காப்பாற்றியதில்லை. என் கவலை, அழகுக்கும் வேகத்துக்கும் மட்டும் தேர்ந்தெடுத்தால் பத்துத் தலைமுறை கழித்து வறட்சியில் காய்ந்த புல்லைத் தின்று நிமிர்ந்து நிற்கும் குணம் மிஞ்சுமா என்பதுதான். கோயம்புத்தூரில் கொடிசியா அரங்கில் நடக்கும் வேளாண் கண்காட்சியில் டிராக்டரும் சொட்டு நீர்க் குழாயும் விதைப் பொட்டலமும் பார்க்கலாம், தேவையானவைதான். அங்கே குடியானவர் வாடிக்கையாளர். கண்ணபுரத்தில் அவர் பரீட்சை எழுதுபவர், திருத்துபவரும் அவரே.

ஒரு வேலையை மட்டும் சந்தை இன்னும் விடவில்லை. ஒற்றைப் பசு வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு எதுவும் இல்லாமலே வருகிறார்கள். எந்தக் காட்டில் நல்ல பொலிகாளை நிற்கிறது, அதன் தாய் எப்படி, சினைக்கு ஓட்டிவந்தால் விடுவாரா என்று விசாரித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த பருவத்துக்குப் பசுவை எங்கே ஓட்டுவது என்பது அங்கேதான் முடிவாகிறது.