ஒரு படம் ஊரெல்லாம், மற்ற படங்கள் பெட்டிக்குள்: யார் இந்த டோரதியா லாங்?

இந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். தாடையருகே விரல்களை வைத்து, எங்கோ வெறித்துப் பார்க்கும் ஒரு அம்மா. இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள். மடியில் ஒரு கைக்குழந்தை. 1930-களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தம் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த 'மைக்ரன்ட் மதர்' படமும் கூடவே வந்துவிடும்.

எடுத்தவர் டோரதியா லாங். 1895-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். 7 வயதில் போலியோ வந்ததால் கடைசிவரை காலைச் சாய்த்துத்தான் நடந்தார். சான் பிரான்சிஸ்கோவில் சொந்த ஸ்டுடியோ, வசதியான வாடிக்கையாளர்கள் என்று வாழ்க்கை நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. 1929-ல் பங்குச்சந்தை சரிந்த பிறகு, தெருவெல்லாம் வேலையில்லாதவர்கள். ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்க முடியாமல் கேமராவோடு வெளியே இறங்கினார்.

1935-ல் அரசு வேலை கிடைத்தது. கிராமப்புற வறுமையைப் படமெடுத்து, நிவாரணத் திட்டங்களுக்கு மக்கள் ஆதரவைத் திரட்ட வேண்டும். ஒருவகையில் அரசு விளம்பரம்தான்!

அந்தப் பத்து நிமிடம்

1936 மார்ச். பல நாள் பயணம் முடிந்து, மழையில் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவின் நிப்போமோ அருகே, பட்டாணி பறிக்கும் தொழிலாளர்கள் முகாம் என்று ஒரு போர்டு. பார்த்தும் நிற்காமல் போய்விட்டார். சுமார் 32 கி.மீ. தாண்டிய பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.

பயிர் அழிந்துபோனதால் முகாமில் யாருக்கும் வேலை இல்லை. அந்த அம்மாவைச் சில படங்கள் எடுத்தார். வயது 32 என்று மட்டும் தெரிந்துகொண்டார், பெயரைக் கேட்கவில்லை. பத்தே நிமிடம், அவ்ளோதான்.

படங்கள் நாளிதழில் வந்ததும் முகாமுக்கு 9,000 கிலோ உணவு போனது. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டது. சாப்பாட்டுக்காக கார் டயர்களை விற்றார்கள் என்று லாங் பின்னாளில் எழுதியதையும் குடும்பத்தினர் மறுத்தார்கள். டயரை விற்றிருந்தால் அந்தக் காரிலேயே எப்படிக் கிளம்பியிருக்க முடியும்?

அந்த அம்மா ஃப்ளாரன்ஸ் தாம்சன், செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978-ல்தான். படத்தால் தனக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். லாங்குக்கும் சம்பளத்தைத் தவிர எதுவும் இல்லை. அரசுப் பணத்தில் எடுத்த படம் என்பதால் யாருக்கும் காப்புரிமை கிடையாது.

அதே அரசு, வேறு படங்கள்

இது பலருக்குத் தெரியாத பகுதி. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். 1942-ல் அதைப் பதிவுசெய்யவும் லாங்கையே வேலைக்கு வைத்தார்கள். முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் எடுக்கக் கூடாது என்று தடை வேறு.

அவர் நூற்றுக்கணக்கில் எடுத்துக் கொடுத்தார். பார்த்த ராணுவம், போர் முடியும்வரை அவற்றை முடக்கிவைத்தது. 1936-ல் வறுமையைக் காட்டிய படம் அரசுக்குத் தேவைப்பட்டது. இந்தப் படங்களில் குற்றவாளியே அரசுதானே!

1965-ல் லாங் புற்றுநோயால் இறந்தார். முடக்கப்பட்ட படங்கள் தனிப் புத்தகமாக வந்தது 2006-ல். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இப்போது யாரும் பார்க்கலாம். அதில் ஒன்று, சான் பிரான்சிஸ்கோ பள்ளி ஒன்றில் எடுத்தது. சீக்கிரமே முகாமுக்கு அனுப்பப்படவிருக்கும் ஒரு ஜப்பானிய வம்சாவளிச் சிறுமி, நெஞ்சில் கை வைத்து அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.